லேப்டாப் செத்தாலும் பிரவுசரில் சேமித்ததை எடுக்கலாம்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மெஷின் ஆன் ஆகவில்லை என்று வருகிறவர்கள் முதலில் போட்டோவைக் கேட்பார்கள், அடுத்து டேலி கணக்கு டேட்டாவைக் கேட்பார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் புக்மார்க்கும் நினைவுக்கு வருவது, பழைய டிஸ்கை ஃபார்மேட் அடித்துப் புது விண்டோஸ் போட்ட பிறகுதான். அப்போது என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. எனவே, டிஸ்கில் யார் கை வைப்பதற்கும் முன்னால் பிரவுசரின் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிடுங்கள். பெரிதாக இடம் பிடிக்காது, ஒரு பென் டிரைவே போதும்.

முதலில் போனது எது என்று பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து வீட்டு டிவியில் சொருகுங்கள். படம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெஷின் ஓடுகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பழைய டிஸ்க் அதில் ஒரு ஃபோல்டராகத் திறக்கும். விண்டோஸ் சரியாக ஷட்டவுன் ஆகாமல் இருந்தால் படிக்க மட்டும்தான் விடும், நமக்கு அதுவே போதும்.

மதர்போர்டே போய்விட்டதென்றால் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். பழைய லேப்டாப்பில் இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க் இருக்கும். அதை யுஎஸ்பியில் சொருக உதவும் கூடு, அதாவது கேஸிங், எல்லாக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். புது லேப்டாப்பில் சூயிங் கம் பட்டை அளவில் எம்.2 என்ற டிஸ்க் இருக்கும். அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. கேஸிங் வாங்கும்போது டிஸ்கையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், வகை மாறினால் வேலை செய்யாது. விலை குறைந்த சில லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகளிலும் சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே சால்டர் வைத்திருப்பார்கள். அவற்றில் போர்டைச் சரி செய்தால்தான் உண்டு.

டிஸ்கைச் சொருகியதும் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று கேட்டாலும் கேன்சல்தான். சுற்றும் டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். அதற்கு மேல் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். சத்தம் இல்லாமல் மெதுவாக மட்டும் படிக்கிறது என்றால் பிரவுசர் ஃபோல்டரை முதலில் எடுங்கள், சினிமாவும் பாட்டும் அப்புறம்.

டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். நான் அப்படி எதுவும் போடவில்லையே என்பார்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தால் பல மெஷின்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும், கீயும் அதே அக்கவுண்டில் இருக்கும். போனிலேயே அக்கவுண்டைத் திறந்து டிவைசஸ் பக்கத்தில் பாருங்கள். கல்லூரி, ஆபீஸ் மெயிலில் லாகின் செய்த லேப்டாப் என்றால் அங்கே உள்ள ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

இனி ஃபயர்பாக்ஸ். மீட்பதற்கு இதைவிடச் சுலபமான பிரவுசரை நான் பார்த்ததில்லை. டிஸ்கில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மொசில்லா, ஃபயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று வரிசையாகப் போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். பர்மிஷன் இல்லை என்றால் கன்டின்யூ கொடுங்கள். ஃபயர்பாக்ஸ் உங்கள் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் வைக்கும் ஃபோல்டருக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். புரொஃபைல்ஸுக்குள் பெரும்பாலும் இரண்டு ஃபோல்டர் இருக்கும். இரண்டும் புரியாத எழுத்துகளில் தொடங்கி, ஒன்று 'டிஃபால்ட்' என்றும் மற்றது 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்றும் முடியும். டிஃபால்ட் என்று மட்டும் முடிவது அனேகமாகக் காலியாக இருக்கும். அளவையும் கடைசியாக மாறிய தேதியையும் பார்த்துப் பெரியதை எடுங்கள். சந்தேகம் என்றால் இரண்டையுமே எடுங்கள்.

உள்ளே போய் ஒவ்வொரு ஃபைலாகப் பொறுக்காதீர்கள், ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்யுங்கள். காரணம் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு அக்காவின் சிபியு தண்ணீருக்குள் கிடந்தது. ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளின் லாகின் எல்லாம் அவர் கடை ஃபயர்பாக்ஸில்தான் இருந்தது. என்னிடம் வருவதற்கு முன் வேறொரு கடையில் எஸ்எஸ்டியிலிருந்து (சுற்றாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) 'லாகின்ஸ்.ஜேசன்' (logins.json) என்ற ஃபைலை மட்டும் எடுத்துப் புது மெஷினில் போட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டு பட்டியல் வெறுமையாகவே இருந்தது. "தம்பி, மெஷின் போனா போகட்டும், அந்தப் பாஸ்வேர்ட மட்டும் எடுத்துத் தந்திருங்க" என்றார். டிஸ்கைப் பார்த்தால் அதே ஃபோல்டரில் 'கீ4.டிபி' (key4.db) அப்படியே இருந்தது. பாஸ்வேர்டு இருப்பது லாகின்ஸ்.ஜேசனில், அதைத் திறக்கும் சாவி இருப்பது கீ4.டிபியில். இரண்டும் ஒரே ஃபோல்டரிலிருந்து ஜோடியாக வர வேண்டும். ஜோடியைப் போட்டதும் பட்டியல் முழுதும் வந்துவிட்டது. சேமித்தவற்றுக்கெல்லாம் மேலே ஃபயர்பாக்ஸில் போடும் பிரைமரி பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதுவும் நினைவில் இருக்க வேண்டும்.

புக்மார்க்கும் ஹிஸ்டரியும் 'பிளேசஸ்.எஸ்க்யூலைட்' (places.sqlite) ஃபைலில் இருக்கும். மெஷின் ஓடும்போதே கரண்ட் போயிருந்தால் பக்கத்தில் அதே பெயரோடு ஆங்கிலத்தில் '-wal' என்று முடிகிற இன்னொரு ஃபைலும் இருக்கும். கடைசியாகச் சேர்த்த விஷயங்கள் அதில்தான் தங்கியிருக்கும், அதை விட்டுவிட்டால் அவை வராது. பிளேசஸ் ஃபைலே கெட்டிருந்தாலும் 'புக்மார்க்பேக்கப்ஸ்' ஃபோல்டரில் ஃபயர்பாக்ஸ் தானே எடுத்து வைத்த பழைய நகல்கள் தேதியோடு இருக்கும். ஃபயர்பாக்ஸின் புக்மார்க் லைப்ரரி ஜன்னலில் இம்போர்ட் அண்ட் பேக்கப், ரீஸ்டோர், சூஸ் ஃபைல் என்று போய் அதில் ஒன்றைக் காட்டினால் போதும். ரீஸ்டோர் கொடுத்தால் அங்கே ஏற்கெனவே உள்ள புக்மார்க்குகள் போய்விடும். எனவே புதுப் புரொஃபைலில் செய்யுங்கள்.

புது மெஷினில் ஃபயர்பாக்ஸின் லேட்டஸ்ட் வெர்ஷனைப் போடுங்கள். பழைய வெர்ஷன், புதியது பயன்படுத்திய புரொஃபைலைத் திறக்க மறுக்கும். அட்ரஸ் பாரில் 'அபௌட்:புரொஃபைல்ஸ்' (about:profiles) என்று ஆங்கிலத்தில் அடித்துப் புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்குங்கள். ரூட் டைரக்டரிக்குப் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் அதன் ஃபோல்டர் திறக்கும். ஃபயர்பாக்ஸை முழுசாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரில் இருப்பதை அழித்துவிட்டு, பழைய ஃபோல்டருக்குள் இருந்ததையெல்லாம் ஒட்டுங்கள். பிறகு அதே பக்கத்துக்கு வந்து அந்தப் புரொஃபைலை டிஃபால்ட் ஆக்குங்கள்.

குரோமில் புக்மார்க் சுலபம், பாஸ்வேர்டு கஷ்டம். ஆப்டேட்டாவில் இந்த முறை லோக்கல், பிறகு கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட். ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் பயன்படுத்திய மெஷின் என்றால் 'புரொஃபைல் 1' என்பது போன்ற ஃபோல்டர்களையும் பாருங்கள். உள்ளே 'புக்மார்க்ஸ்' என்று எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும். புது மெஷினில் சிங்க்கை (கூகுள் அக்கவுண்டிலும் நகல் வைக்கும் வசதி) நிறுத்தி, குரோமை மூடிவிட்டு, அதே இடத்தில் ஒட்டினால் வந்துவிடும். பாஸ்வேர்டு இருக்கும் 'லாகின் டேட்டா' ஃபைலை அப்படி ஒட்டிப் பயனில்லை. அதன் சாவி உங்கள் விண்டோஸ் யூசரோடு கட்டப்பட்டது. விண்டோஸோடு வரும் எட்ஜ் பிரவுசரிலும் இதே கதைதான்.

கூகுள் அக்கவுண்டில் சிங்க் ஆன் செய்திருந்தால் டிஸ்கே வேண்டாம், புது மெஷினில் லாகின் செய்தாலே பாஸ்வேர்டுகள் வந்துவிடும். சிங்க் இல்லையென்றால் பழைய விண்டோஸையே உயிரோடு எழுப்ப வேண்டும். அதே மாடல் லேப்டாப்பில் டிஸ்கை மாட்டி, அதே யூசரில் நுழைந்து, குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டும். விண்டோஸில் நுழைய வைத்திருந்த பின் நம்பர் அந்த மெஷினில் வேலை செய்யாது, விண்டோஸின் நிஜமான பாஸ்வேர்டு தேவை. அது மறந்துவிட்டது என்று சொன்னால் சில கடைகளில் பென் டிரைவ் டூல் போட்டு விண்டோஸ் பாஸ்வேர்டையே நீக்கிக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் திறக்கும், ஆனால் குரோமின் சாவி பழைய பாஸ்வேர்டை நம்பியே இருப்பதால் சேமித்தவை திறக்காது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பழைய பாஸ்வேர்டை நினைவுபடுத்துவதே மேல்.

நனைந்த மெஷின் என்றால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். ஆன் ஆகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம், அரிசி மூட்டைக்குள்ளும் வைக்க வேண்டாம். எஸ்எஸ்டி என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் வைத்துச் சேற்றைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சொருகலாம். அந்த அக்காவின் டிஸ்கை அப்படித்தான் எடுத்தேன். சுற்றும் டிஸ்கில் சேறு போயிருந்தால் கரண்டே கொடுக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் பென் டிரைவில் இருக்கும் நகலை அழியுங்கள். பிரைமரி பாஸ்வேர்டு இல்லாத ஃபயர்பாக்ஸ் ஃபோல்டர் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் பாஸ்வேர்டு எல்லாம் அவர் கையில்தான். குரோமிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி ஃபைலை நோட்பேடில் திறந்தாலே அத்தனையும் படிக்கலாம். டிஸ்கைக் கடையில் கொடுத்து எடுத்திருந்தால், பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றுங்கள். என் கடையில் கொடுத்திருந்தாலும் மாற்றத்தான் சொல்வேன்.