சங்கத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொழிற்சங்கக் கூட்டங்களில் பாட வருகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. குரல் இருக்கிறது, அக்கறை இருக்கிறது, கையில் ஒரு கிடாரும் இருக்கிறது. ஆனால் ஆரம்ப காலத்தில் நாங்கள் விழுந்த அதே குழியில் வரிசையாக வந்து விழுகிறார்கள். வரி மறப்பது, மைக்கைச் சோதிக்காமல் மேடை ஏறுவது எல்லாம் நாலு கூட்டம் போனால் தானாகச் சரியாகிவிடும், அதைப் பற்றி எழுதப் போவதில்லை. தானாகச் சரியாகாதவை சில உண்டு. உதாரணங்களை அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றிலிருந்துதான் எடுக்கிறேன். யார் எந்த மெட்டை எங்கிருந்து எடுத்து எந்தப் போராட்டத்தில் பாடினார்கள் என்பது அங்கே நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தவிர, கிடார் எடுத்தவர்கள் முதலில் போய் நிற்பதும் அந்தப் பாட்டுகளிடம்தான்.

சொந்த மெட்டுப் போடுவது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். இது மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒரு வாயிற்கூட்டம். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். ஒரு இளைஞர் குழு அந்தப் போராட்டத்துக்கென்றே புதிதாகப் பாட்டுக் கட்டி, மெட்டுப் போட்டு, வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துக் கொண்டுவந்திருந்தது. பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. ஒவ்வொரு சரணமும் ஒவ்வொரு மாதிரிப் போகும், பல்லவிக்குத் திரும்புவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. முன்வரிசையில் நின்றவர்கள் ஆர்வமாகத்தான் கை தட்ட ஆரம்பித்தார்கள். இடைவெளி வந்தது. தட்டல் நிற்கவில்லை, தாளம் பிசகியது, கிடார் பையன் முகம் சுளித்தான். அவ்வளவுதான், கைகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் அதே கைகளில் போன் இருந்தது, எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். முடிந்ததும் சங்கத் தலைவர் மைக்கை வாங்கி, "அருமையான கலைநிகழ்ச்சி வழங்கிய தம்பிகளுக்கு நன்றி, இனி கூட்டத்தைத் தொடங்குவோம்" என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, மனசார நன்றிதான் சொன்னார். ஆனால் விஷயம் அதில் மொத்தமாக வந்துவிட்டது: பாட்டு ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம். பாட வாய் திறந்திருக்க வேண்டிய அத்தனை பேரும் பார்வையாளர்களாகிவிட்டார்கள்.

இதைப் பெரிய மேதைகளே செய்திருக்கிறார்கள். 1930களில் நியூயார்க்கில் 'கம்போசர்ஸ் கலெக்டிவ்' என்று இடதுசாரி இசையமைப்பாளர்களின் குழு ஒன்று இருந்தது. முறையாக இசை படித்தவர்கள். தொழிலாளிக்கு உயர்ந்த இசை வேண்டும், பழைய மெட்டுகளெல்லாம் பிற்போக்கு என்பது அவர்கள் எண்ணம். 1934 மே தினத்துக்காக 'நியூ மாஸஸ்' பத்திரிகை நடத்திய போட்டியில் ஆரன் கோப்லண்ட் இசையமைத்த பாட்டு ஜெயித்தது. ஆல்ஃபிரெட் ஹேயஸ் எழுதிய வரிகள். மெட்டு தாவித் தாவிப் போகும், கூடவே பியானோ வேண்டும். மறியல் வரிசையில் பியானோவை யார் தூக்கிக்கொண்டு நடப்பது?

அதே காலத்தில் கென்டக்கி நிலக்கரிப் பகுதியிலிருந்து மாலி ஜாக்சன் என்ற பெண்மணி நியூயார்க் வந்தார். பிரசவம் பார்ப்பவர், சுரங்கத் தொழிலாளர் குடும்பம், பட்டினியையும் சாவையும் நேரில் கண்டு பழைய மலைநாட்டு மெட்டுகளில் பாட்டுக் கட்டியவர். அவரை இந்தக் குழுவின் முன் பாட வைத்தார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. அவருக்கும் இவர்களுடைய இசை பிடிபடவில்லை. குழுவில் இருந்த சார்லஸ் சீகர் மட்டும் அவரிடம் போய், நீங்கள்தான் சரியான வழியில் போகிறீர்கள், நாங்கள் தப்பான வழியில் போகிறோம் என்று சொன்னதாகப் பின்னாளில் சீகரே நினைவுகூர்ந்திருக்கிறார். பாஞ்சோவோடு சங்க மேடைகளில் நின்ற பீட் சீகர் இவருடைய மகன்தான்.

இனி எதிர்ப்பக்கம் பாருங்கள். 1905இல் சிகாகோவில் தொடங்கிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. (இண்டஸ்ட்ரியல் ஒர்க்கர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்) சங்கத்துக்காரர்கள் ஸ்போகேன் நகரத் தெருமுனைகளில் பேசும்போது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் பேண்டு வாத்தியம் வந்து அவர்கள் குரலை அமுக்கிவிடும். அவர்கள் என்ன செய்தார்கள்? பேண்டு வாசிக்கிற அதே மெட்டுக்குத் தங்கள் வரிகளைப் போட்டுப் பாடினார்கள். எதிராளியின் பேண்டே இவர்களுக்குப் பக்கவாத்தியம்! 1909இல் அந்தச் சங்கம் போட்ட சிவப்பு அட்டைப் பாட்டுப் புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவு. அதில் இசைக்குறிப்பு கிடையாது. தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டின் மெட்டு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே பாட்டு. அந்த ஒரு வரி போதும், வாங்கியவன் அடுத்த நிமிஷமே பாடலாம்.

அப்படியானால் எங்கள் கற்பனைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அந்தச் சங்கத்தின் பாட்டுக்காரர் ஜோ ஹில்லைப் பாருங்கள். 1911இல் அந்தப் புத்தகத்தில் வந்த அவருடைய பாட்டு, செத்த பிறகு சொர்க்கத்தில் எல்லாம் கிடைக்கும் என்கிற ஒரு பிரபலமான துதிப்பாட்டின் மெட்டில் உட்கார்ந்துகொண்டு, பசித்தவனுக்குச் சொர்க்கத்தைக் காட்டுகிற பிரசங்கியைக் கிண்டல் செய்கிறது. கேட்கிறவன் காதில் பழைய வரியும் ஓடும், புதிய வரியும் ஓடும், இரண்டும் மோதுகிற இடத்தில்தான் சிரிப்பு வரும். அவர் புது மெட்டுப் போட்டிருந்தால் அந்தச் சிரிப்பே இல்லை.

ஃப்ளாரன்ஸ் ரீஸ் கதையும் இதே மாதிரிதான். 1931, கென்டக்கியின் ஹார்லன் கவுன்டி. சுரங்கச் சங்கத்தில் வேலை செய்த கணவரைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார்கள். அவர்கள் போன பிறகு இவர் சுவரில் தொங்கிய காலண்டரின் தாளைக் கிழித்து அதில் எழுதியதுதான் 'விச் சைட் ஆர் யூ ஆன்', நீ எந்தப் பக்கம் என்று கேட்கிற பாட்டு. மெட்டு, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய பாட்டினுடையது. அந்த நிலைமையில் உட்கார்ந்து மெட்டு யோசிக்க யாருக்கு நேரம்? 'சாலிடாரிட்டி ஃபார் எவர்' பாட்டை ரால்ஃப் சாப்ளின் 1915இல் எழுதினார். மெட்டு 'ஜான் பிரவுன்ஸ் பாடி', அதாவது அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாய்கள் பாடியபடி நடந்தது. அதற்கும் முன்னால் அது பக்திக்கூட்டங்களில் ஒலித்த மெட்டு.

விதிவிலக்கு இல்லையா? இருக்கிறது. ஜோ ஹில்லைக் கனவில் கண்டதாகச் சொல்கிற புகழ்பெற்ற பாட்டுக்கு ஏர்ல் ராபின்சன் 1936இல் போட்டது புது மெட்டுதான். ஆனால் எவ்வளவு எளிமை என்று கேட்டுப் பாருங்கள், முதல் தடவை கேட்கும்போதே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அந்த வரிகளை எழுதியவரும் அதே ஆல்ஃபிரெட் ஹேயஸ்தான். கவிஞர் ஒருவர், மெட்டு இரண்டு. போட்டியில் ஜெயித்ததை இன்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடி எடுக்கிறார்கள், மற்றது இன்னும் கூட்டங்களில் ஒலிக்கிறது.

அதனால், மெட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல், பாட்டே வராத ஒருவர் முன்னால் இரண்டு சரணம் பாடுங்கள். இரண்டாவது தடவை பல்லவி வரும்போது அவர் வாய் அசையவில்லை என்றால் அந்த மெட்டைச் சினிமாவுக்குக் கொடுங்கள், சங்கத்துக்கு வேண்டாம்.

சுருதி

உங்களுக்கு வசதியான சுருதி, நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் கத்திப் பேசிய தொண்டைக்கு எட்டாது. இறக்குங்கள்.

ஜெராக்ஸ் தாள்

கையில் தாளைக் கொடுத்தால் தலை குனியும். தாள் இல்லாமல் பாட முடியாத அளவுக்குப் பாட்டில் வரிகள் இருந்தால் கோளாறு பாட்டில்தான். ஆர்கன்சாவில் 1934இல் தொடங்கிய தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தில் ஜான் ஹேண்ட்காக்ஸ் என்ற கறுப்பினக் கவிஞர் இருந்தார். அவருடைய 'ரோல் தி யூனியன் ஆன்' ஒரு பழைய ஆன்மிகப் பாட்டிலிருந்து வந்தது. சங்கம் ஒரு வண்டி மாதிரி உருண்டு போய்க்கொண்டே இருக்கும், சரணத்துக்குச் சரணம் மாறுவது குறுக்கே நிற்கிறவன் யார் என்பது மட்டும்தான். முதலாளி, பண்ணைக்காரன், கருங்காலி, யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். கூட்டத்தில் ஒருவர் பெயரைக் கத்தினால் அடுத்த சரணம் தயார். உங்கள் சூப்பர்வைசர் பெயரையும் போடலாம், அப்போது வருகிற சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

முழக்கத்தையே பாட்டாக்குவது

'சுரண்டல் ஒழியும், புரட்சி மலரும், விடியல் பிறக்கும்.' சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சுவரில் எழுதலாம், பாட்டில் ஏன்?

1929இல் வட கரோலினாவின் கஸ்டோனியாவில் லோரே மில் வேலைநிறுத்தம் நடந்தபோது எல்லா மே விக்கின்ஸ் என்ற நூற்பாலைத் தொழிலாளி பாட்டுக் கட்டிப் பாடினார். ஒன்பது பிள்ளைகள் பெற்றவர், அதில் நான்கைப் பறிகொடுத்தவர். அவர் பாட்டில் தத்துவம் கிடையாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அழுகிற பிள்ளைகள், கூலி கைக்கு வந்தால் மளிகைக் கடன் அடைக்கவே போய்விடுவது, இவ்வளவுதான். மில்லில் வேலை செய்கிற எந்தத் தாயும் இதைக் கேட்டுவிட்டு 'இது யாரைப் பற்றி?' என்று கேட்க மாட்டாள். அந்த வருஷம் செப்டம்பர் 14ஆம் தேதி, சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

வரி எழுத உட்காருவதற்கு முன் வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். கழிப்பறைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்க்கிறார்களாம், கையுறை கிழிந்தால் மாற்றுவதற்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம், இப்படி எதையாவது சொல்வார்கள். அது சரணம்.

கதையை விசாரிக்காமல் மேடையில் அளப்பது

பாடுவதற்கு முன் இரண்டு நிமிஷம் வரலாறு சொல்கிற பழக்கம் நல்லதுதான். ஆனால் மேடைக்கு மேடை ஒரே தப்பு வருகிறது. 1912இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் நடந்த பெரிய நெசவாலை வேலைநிறுத்தத்தில் 'பிரெட் அண்ட் ரோசஸ்' பிறந்தது, பெண்கள் அதைப் பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள் என்று உருக்கமாகச் சொல்வார்கள். ஜேம்ஸ் ஓப்பன்ஹைமின் அந்தக் கவிதை 1911 டிசம்பரிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது, வேலைநிறுத்தம் தொடங்கியது அடுத்த மாதம். இன்று நாம் பாடுகிற மெட்டு மிமி ஃபரீனா என்ற பாடகி 1970களில் போட்டது. லாரன்ஸ்காரர்கள் பாடவில்லை என்று அர்த்தம் இல்லை, நிறையவே பாடினார்கள். பாடுகிற வேலைநிறுத்தத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று ரே ஸ்டானார்ட் பேக்கர் என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, சர்வதேசிய கீதத்தின் மெட்டு மட்டும் எல்லோருக்கும் தெரியும், அவரவர் மொழியில் பாடினார்கள். இந்த உண்மையே நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பொய்?

இன்னொன்று, 'வி ஷல் ஓவர்கம்' பாட்டைச் சிவில் உரிமைப் போராட்டத்தோடு மட்டும் கட்டிவிடுவது. அது அங்கே போவதற்கு முன் வேலைநிறுத்தப் பாட்டு. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி, நாள் முடிவில் கலையும்போது தேவாலயப் பாட்டு ஒன்றை ரொம்ப நிதானமாக இழுத்துப் பாடுவார். போராட்டக்காரர்கள் அதை டென்னசியில் இருந்த, சங்கத்துக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஹைலேண்டர் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஜில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டு பீட் சீகருக்குச் சொல்லிக் கொடுத்தார். மேடையில் சீகர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பெண்களை விட்டுவிடுகிறவர்களை என்ன சொல்ல.

வீடியோவுக்காகப் பாடுவது

வேண்டாம்.

பாட்டு ஜெயித்துக் கொடுக்கும் என்று நினைப்பது

ஹார்லனில் 1931 போராட்டம் தோற்றது. கஸ்டோனியாவிலும் தோல்விதான். அவ்வளவு நல்ல பாட்டுகள் பிறந்த இடங்கள் இரண்டும். மிச்சிகனின் ஃபிளிண்டில் ஜெயித்தார்கள், ஏனென்றால் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து உற்பத்தியை நிறுத்தினார்கள், கடைசியில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. உள்ளே சாப்பாட்டுக்கு ஒரு கமிட்டி, காவலுக்கு ஒரு கமிட்டி, சுத்தம் செய்ய ஒரு கமிட்டி என்று இருந்தன. வாத்தியக்குழுவும் இருந்தது, அந்த வரிசையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஆலைக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு வீட்டு நினைப்பு வராமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை இல்லை, ஆனால் காவல் கமிட்டி செய்ய வேண்டியதைப் பாட்டு செய்யாது.

ஆகவே கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கொஞ்சம் முன்னாலேயே போங்கள். நாற்காலி தூக்கிப் போட ஆள் தேவைப்படும், போடுங்கள். வேலைக்காரர்களிடம் உங்களுக்கு எந்தப் பாட்டு தெரியும் என்று கேளுங்கள், பாடச் சொல்லுங்கள். அவர்கள் முனகுகிற மெட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு சரணம் எழுதுங்கள். உங்கள் பட்டியலில் இருந்த மற்ற பாட்டுகள் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.