ஃப்ளைட் டைம் கணக்குல நாம சொதப்புற இடங்கள்

ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு கூகுள்ல பாத்துட்டு, ப்ளேன் மணிக்கு 900 கி.மீ. போகும், வகுத்தா இவ்ளோ நேரம்னு முடிச்சிடுறோம்ல, முதல் தப்பே அங்கதான். 900ங்கறது மேல போய் ஒரே சீரா பறக்குறப்போ இருக்குற வேகம். ரன்வே வரைக்கும் உருண்டு போறது, க்யூல நிக்கிறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். 500 கி.மீ.க்கு கணக்குப்படி 35 நிமிஷம்கூட வராது, ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கும், ஏன்னா அது இந்தப் பக்கம் கேட்ல இருந்து நகர்றதுல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும் ஆகுற நேரம். தாமதத்துக்கும் கொஞ்சம் சேத்தே போடுவாங்க, அதான் அரை மணி லேட்டா கிளம்புன ஃப்ளைட்டும் சில நாள் கரெக்ட் டைமுக்கு இறங்கிடுது.

தூரம் கம்மின்னா நேரமும் கம்மின்னு நினைக்கிறது அடுத்த தப்பு. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஃப்ளைட்டை ஏர் இந்தியா 2016ல மேற்கால போறதை விட்டுட்டு கிழக்கால பசிபிக் கடல் மேல திருப்பி விட்டாங்க. அது சுமார் 15,300 கி.மீ., பழைய வழியை விட 1,400 கி.மீ. போல அதிகம், ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேந்துச்சு! காரணம் ஜெட் ஸ்ட்ரீம், மேற்குல இருந்து கிழக்க அடிக்கிற காத்து, பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே வரும். அதனால போற நேரமும் வர்ற நேரமும் ஒண்ணா இருக்கும்னு நம்பி ரிட்டர்ன் பிளான் போடாதீங்க, லண்டன்–நியூயார்க்ல போறப்போ சுமார் 8 மணி நேரம்னா வர்றப்போ 7 தான்.

பழைய கட்டுரையில இருக்குற நேரத்தையும் அப்படியே எடுத்துக்காதீங்க. 2022ல ரஷ்யா வான்வெளி மூடுனதும் ஹெல்சின்கி–டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துல இருந்து 13 மணி நேரம் பக்கம் போயிடுச்சு, ஊர் ரெண்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு.

டிக்கெட்ல கிளம்புற டைம், இறங்குற டைம் ரெண்டும் அந்தந்த ஊர் டைம், அதை நேரடியா கழிச்சா கதை கந்தல். டோக்கியோல ராத்திரி 10 மணிக்கு ஏறி ஏழு மணி நேரம் பறந்தா ஹொனலூலுல அதே தேதி காலைல 10 மணி, அதாவது ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கியாச்சு! ரெண்டு டைமையும் யுடிசிக்கு, அதாவது உலகத்துக்கே பொதுவான நேரத்துக்கு மாத்திட்டு அப்புறம் கழிங்க. மார்ச்ல இன்னும் உஷார், அமெரிக்கா கோடைக்காக ரெண்டாவது ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான், நடுவுல இருக்குற வாரங்கள்ல இந்த ரெண்டுக்கும் இடையில நமக்குப் பழகுன நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறியிருக்கும்.

மைல்னு போட்டிருந்தா எந்த மைல்னு பாருங்க, சாதா மைல் 1.609 கி.மீ., கப்பல், ப்ளேன் கணக்குல வர்ற நாட்டிக்கல் மைல் 1.852. அதே மாதிரி சான் ஹோசேனு தேடுனா கலிபோர்னியாவா கோஸ்டாரிகாவான்னும் பாத்துக்கோங்க.

அப்புறம் இந்த டைரக்ட் ஃப்ளைட். டைரக்ட்னா நடுவுல நிக்காதுன்னு அர்த்தமில்ல, ஒரே ஃப்ளைட் நம்பர்ல வழியில ஒரு ஊர்ல இறங்கி ஏறலாம், அந்த காத்திருப்பும் மொத்த நேரத்துல சேரும். நிக்காம போகணும்னா புக் பண்றப்போ நான்ஸ்டாப்னு ஃபில்டர் போடுங்க.