பிள்ளைகள் பிடிக்கும் கொழுக்கட்டை

என் மனைவிக்குச் செவிலியர் வேலை. வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி இருக்கும். அந்த மூன்று நாளும் பிள்ளைகளின் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. பாளையங்கோட்டையில் வாடகை வீடு, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே வர வேண்டிய அளவுக்கு அடுக்களை. பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. இந்த மூன்று வருடத்தில் நான் செய்து பார்த்து, பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட சாப்பாடுகளை இங்கே எழுதுகிறேன். எல்லாமே வீட்டு டப்பாக்களில் இருக்கிற சாமான்கள்தான்.

சின்னவள் மூன்று வயதில் கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுவாள். நான் முருங்கைக்கீரையை விழுதாக அரைத்துத் தோசை மாவில் கலந்து, மேலே மிளகாய்ப்பொடியை அப்பி மறைத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் மூன்று வாரம் வெறும் தோசையைக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். அவள் என்னை நம்பாமல் போனது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அன்றோடு ஒளித்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டேன். சாப்பாட்டில் என்ன போட்டாலும் அவள் கண்ணுக்குத் தெரியும்படிதான் போடுகிறேன்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தார்கள். பிடிகொழுக்கட்டைக்கு மாவு கிளறி வைத்துவிட்டு, சுடச்சுட இல்லாமல் ஆறின மாவில் ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "ஆச்சிக்கு ஒண்ணு பிடிச்சுக் குடு" என்றார்கள். அவள் இறுக்கிப் பிடித்தாள். நான்கு விரல் தடமும் அப்படியே பதிந்தது. வெந்து வந்ததும் தட்டு நிறைய இருந்த கொழுக்கட்டையில் தன் விரலைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துத் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். "இது என் கை" என்று சொல்லிவிட்டுத் தின்றாள். அதில் முருங்கைக்கீரை இருந்தது, கேரட் இருந்தது. இரண்டையும் மாவிலேயே பார்த்திருந்தாள். ஆச்சிக்கென்று பிடித்ததை ஆச்சிக்குக் கொடுக்கவே இல்லை.

முதலில் அந்தக் கொழுக்கட்டையைச் சொல்கிறேன். அளவுக்கு நான் எடுத்துக்கொள்வது 200 மில்லி டம்ளர்.

ஒரு டம்ளர் பச்சரிசி, 2 மேசைக்கரண்டி துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி, நீரை நன்றாக வடித்து, துணியில் அரை மணி நேரம் நிழலில் பரப்பி வையுங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே அரைத் தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவை பதம்தான் வேண்டும். மாவாகிப்போனால் கொழுக்கட்டை பிசின் மாதிரி பல்லில் ஒட்டும், பிள்ளைகள் அடுத்த முறை தொட மாட்டார்கள்.

வாணலியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் ஒன்று, பெருங்காயம், கறிவேப்பிலை. தாளித்ததும் துருவிய கேரட் ஒன்று, இரண்டு கை முருங்கைக்கீரை போட்டு ஒரு நிமிடம் வதக்கி, இரண்டரை டம்ளர் தண்ணீரும் உப்பும் சேருங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். மூடி போட்டு ஐந்தாறு நிமிடம், நடுவில் ஒரு கிளறல். கால் டம்ளர் தேங்காய்த் துருவல் போட்டு இறக்கிவிடுங்கள். இந்த நேரத்தில் ரவை பாதிதான் வெந்திருக்கும். அது சரிதான், மீதி ஆவியில் வேகும்.

மாவு தளர்வாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் ரவை நீரை இழுத்துக்கொள்ளும். உதிர்ந்துபோனால் வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். ரொம்ப ஆறவும் விடக் கூடாது, ஆறினால் ஒட்டாது. இட்லிச் சட்டியில் 12 முதல் 15 நிமிடம் வேக வைத்தால் போதும். இந்த அளவுக்குப் பதினைந்து கொழுக்கட்டை வரும். எங்கள் மூன்று பேருக்கும் சரியாக இருக்கும்.

அரிசியோடு பருப்பைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. கேரட்டை எண்ணெயில் வதக்குவதும் ருசிக்காக மட்டும் இல்லை, அதிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல் வைப்பேன், இல்லையென்றால் கொழுக்கட்டையைப் பிட்டு எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன். வைட்டமின் சி கூட இருந்தால் கீரையின் இரும்புச்சத்து அதிகமாகச் சேரும். சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும், ஆகவே டீ அந்தப் பக்கமே வரக் கூடாது.

இனி யாருக்கு எந்த வேலை என்பது. இதில்தான் நான் மிகக் கவனமாக இருக்கிறேன்.

கீரை உருவுவது சின்னவள் வேலை. முருங்கைக்கீரை உருவ அலுப்பாக இருக்கிறது என்று பல வீட்டில் வாங்குவதே இல்லை. முந்தின நாள் ராத்திரி கொத்தோடு ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் பாதிக்கு மேல் இலை தானாக உதிர்ந்து கிடக்கும். அந்தத் துணியைப் பிரிக்கும் உரிமை அவளுக்குத்தான். வேறு யார் பிரித்தாலும் வீடு ரெண்டாகும். மீதி காம்பில் ஒட்டியிருப்பதை உருவி, இரண்டு தண்ணீரில் அலசி, வடிதட்டில் போட்டுத் தருவாள். பெரியவன் தண்ணீர் அளப்பான், கேரட் துருவுவான். கட்டை விரல் அளவு கேரட் மிஞ்சும்போது நிறுத்திவிட்டு அந்தத் துண்டைத் தின்றுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். துருவியில் விரல் பட்டதே கிடையாது. அடுப்பும் தாளிப்பும் என் வேலை. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது இருவரும் அடுக்களை வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். மூடியின் மறுபக்கத்தைத் தூக்கி, ஆவி எனக்கு எதிர்ப்பக்கம் போகிற மாதிரித் திறப்பேன். ஆவி சுட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும்.

விரல் தடத்தில் தொடங்கியது இப்போது ஆமை, மீன், அணில், பூரான் வரை போயிருக்கிறது. ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் பார்த்துவிட்டு வந்தால் பெரியவன் ஒரு வாரத்துக்குத் தேர்தான் செய்வான். கேரட்டை வட்டமாக நறுக்கி நான்கு சக்கரம், மிளகு பதித்த மேல்தட்டு, உச்சியில் கறிவேப்பிலைக் கொடி. எந்த உருவம் செய்தாலும் கோழிமுட்டை பருமனுக்கு மேல் போகக் கூடாது, போனால் நடுவில் வேகாது. கால், வால் எல்லாம் குட்டையாக, உடம்போடு அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும். மெலிசாக நீட்டினால் ஆவியில் விழுந்துவிடும். ஒரு தடவை சின்னவள் பிடித்த அணிலின் வால் விழுந்து பெரிய அழுகை. நான் சரிசெய்து கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. அவர்கள் பிடித்ததை நாம் திருத்தி அழகாக்கினால் அது நம் கொழுக்கட்டையாகிவிடும். அடுத்த முறை அவளே வாலை முதுகோடு ஒட்டினாள்.

அடுத்தது குழிப்பணியாரம். மூன்றாம் நாள் இட்லி மாவு புளித்து மிஞ்சும் இல்லையா, அதற்கென்றே இந்த விளையாட்டு. இரண்டு டம்ளர் மாவுக்கு 3 மேசைக்கரண்டி கேப்பை மாவு சேர்த்துத் தண்ணீர் தெளித்துக் கரைத்தால் புளிப்பு மட்டுப்படும். கேப்பை என்று நாங்கள் சொல்வது கேழ்வரகை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். பால் குடிக்க மறுக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் கல்லில் ஏழு குழி. எண்ணெய் தடவி, குழியில் பாதி மாவு ஊற்றி, நடுவில் ஒரு பொருளை வைத்து, மேலே மாவு விட்டு மூடிவிட வேண்டும். முளைகட்டி ஆவியில் வேக வைத்த பாசிப்பயறு இரண்டு குழிக்கு, முட்டைப் பொடிமாஸ் இரண்டுக்கு, வதக்கிய வெங்காயமும் மல்லித்தழையும் இரண்டுக்கு. மிச்சம் ஒரு குழியில் மட்டும் தேங்காயும் நுணுக்கிய உடன்குடிக் கருப்பட்டியும். மிதமான தீயில் மூடி வைத்து மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இரண்டு நிமிடம். திருப்ப மூங்கில் குச்சி போதும், கூரான கம்பியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வெளியே பார்த்தால் ஏழும் ஒன்றுபோல இருக்கும். பிட்டுப் பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும், உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும், அப்புறம் கடிக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. கருப்பட்டி யாருக்கு வந்தாலும் பாதி மற்றவருக்கு. முன்பு தோசையில் ஒளித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உள்ளே வைக்கப்போகிற நான்கு கிண்ணத்தையும் முதலில் அவர்களிடம் காட்டிவிடுகிறேன், இரண்டு குழியை அவர்களே நிரப்புகிறார்கள். எது எங்கே என்பது மட்டும்தான் ரகசியம். வேர்க்கடலை வைக்க ஆசைப்பட்டால் வறுத்துப் பொடித்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் கடலையைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

நிறச் சாப்பாடு எப்போதாவது செய்வேன். பத்து சங்குப்பூவின் பச்சைக் காம்பை நீக்கி அரை டம்ளர் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் நீலச் சாறு இறங்கும். அதில் இடியாப்ப மாவு பிசைந்தால் நீல இடியாப்பம். மேலே எலுமிச்சை சொட்டினால் கண் முன்னாலேயே ஊதாவாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதும் இதே மாதிரி விஷயம்தான் என்று சொன்னபோது பெரியவன் அன்று முழுக்க வீட்டிலுள்ள ஒவ்வொன்றிலும் எலுமிச்சை பிழிந்து பார்த்தான். சத்து என்று பார்த்தால் பீட்ரூட்டுக்கும் கீரைக்கும்தான் என் ஓட்டு, பூவுக்கு இல்லை.

எங்கள் ஊர் உளுந்தஞ்சோற்றை மட்டும் விட முடியாது. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தோல் உளுந்தை வாசம் வர வறுத்து, பத்துப் பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கை நிறையத் தேங்காய்த் துருவல், உப்பு, நான்கு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில். கறுப்புத் தோலோடு உளுந்து போட வேண்டும், தோல் இல்லையென்றால் இது வேறு சோறு. கூட எள்ளுத் துவையல். இதைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் கால்வாசி தின்பார்கள். மொட்டை மாடிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் கையிலும் உருண்டை உருட்டி வைத்து, கட்டை விரலால் குழி செய்து, குழிக்குள் துவையலும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டால் சட்டி காலியாகும். என் அம்மா எங்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். செல்போன் கீழே இருக்கும். அடுத்த உருண்டை யாருக்கு என்பதில்தான் பிள்ளைகளுக்குக் குறி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீரை தின்றால் சாக்லேட் என்று ஒரு மாதம் செய்து பார்த்தேன். கீரை தண்டனையாகவும் சாக்லேட் பரிசாகவும் மனசில் பதிந்ததுதான் மிச்சம். இப்போது வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறேன், நான்கு நாள் கழித்து மறுபடி தட்டில் ஒரு வாய் வைக்கிறேன். பாகற்காய் எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோதான் பெரியவன் வாய்க்குள் போனது. சின்னவள் இன்னும் தொடவில்லை. அவள் தொடுகிறபோது தொடட்டும்.

கொழுக்கட்டை மிஞ்சினால் ராத்திரியே ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் உதிர்த்து, கடுகு, சின்ன வெங்காயம் தாளித்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட டப்பா தயார். தேர் மிஞ்சியிருந்தால் மட்டும் உதிர்க்கும் முன்னால் பெரியவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.