ஜப்பானிய டேக் மேட்ச் பார்ப்பது எப்படி? கயிற்றுக்கு வெளியே நிற்பவரிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் தலைமுறைக்கு ரெஸ்லிங் அறிமுகமானதே டிரம்ப் சீட்டில்தான். உயரம், எடை, நெஞ்சளவு, ரேங்க். அந்தப் பழக்கத்தில் மேட்ச் பார்த்தாலும் 'ரெண்டு பேருல யாரு பலசாலி?' என்ற கணக்கே மண்டைக்குள் ஓடும். அதே கணக்கோடு பழைய ஜப்பானிய மேட்ச் ஒன்றைப் போட்டால் பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். நடுவில் யாரும் மைக்கைப் பிடித்து வசனம் பேசமாட்டார்கள். கதை முழுக்க உடம்பிலேயே நடக்கும், அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

'முடிவைத்தான் முன்னாடியே பேசி வெச்சிருப்பாங்களே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமாம், பேசித்தான் வைத்திருப்பார்கள். துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே படுகளக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்?

பாடத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு மேட்ச். 1995 ஜூன் 9, டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம். ரெஸ்லர் ஜயன்ட் பாபா 1972-ல் தொடங்கிய ஆல் ஜப்பான் ரெஸ்லிங் நிறுவனத்தின் உலக டேக் பட்டத்துக்கான, அதாவது இருவர் ஜோடியாக ஆடும் பட்டத்துக்கான மோதல். பட்டம் வைத்திருந்தவர்கள் மிட்சுஹாரு மிசாவா, கென்டா கோபாஷி. எதிரே தோஷியாக்கி கவாடா, அகிரா தாவுவே. நேரம் 42 நிமிடம் 37 விநாடி. ஒரே மூச்சில் பார்க்க நேரம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்.

படி 1: நிறத்தை வைத்து ஆளைப் பிடியுங்கள்

பச்சை மிசாவா. ஆரஞ்சு கோபாஷி. கறுப்பும் மஞ்சளும் கவாடா. சிவப்பு தாவுவே. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, நிறம் போதும்.

படி 2: பழைய பாக்கி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மிசாவாவும் கவாடாவும் ஒரே பள்ளிக்கூடம். அஷிகாகாவில் மல்யுத்த அணியில் மிசாவா ஒரு வருடம் சீனியர். ஜப்பானில் இந்த ஒரு வருட வித்தியாசம் சாகும்வரை கூடவே வரும். பின்னால் இருவரும் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். டைகர் மாஸ்க் என்ற முகமூடியில் ஆடிக்கொண்டிருந்த மிசாவா, 1990 மே மாதம் ஒரு மேட்ச்சின் நடுவிலேயே அதைக் கழற்றி எறிந்தார். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர் அன்றைக்கு அவருடைய ஜோடியாக நின்ற கவாடாதான்.

முகமூடி போனதும் மிசாவா உச்சிக்குப் போய்விட்டார். முடிச்சை அவிழ்த்தவர் அப்படியே நின்றார். 1993-ல் அணி மாறி, தான் கடுமையாக மோதிக்கொண்டிருந்த தாவுவேயோடேயே கை கோத்தார். 1994 ஜூன் 3-ல் இதே புடோகானில் தனிநபர் பட்டத்துக்கு மோதியபோதும் மிசாவாவிடம் தோற்றார். 1995 ஜனவரியில் இதே நால்வரும் 60 நிமிடம் மோதி முடிவில்லாமல் பிரிந்தார்கள். ஜூன் 9 அன்று காலைவரை நிலவரம் இதுதான்: மிசாவாவின் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ண வைக்க கவாடாவால் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

இந்த ஒரு வரியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பிளே பட்டனை அழுத்துங்கள்.

படி 3: உடம்பில் எங்கே கோளாறு என்று பாருங்கள்

கோபாஷியின் ஒரு காலில் கட்டு இருக்கும். கட்டைப் பார்த்ததும் புரிந்துவிட வேண்டும், எதிராளிகளின் காலும் கையும் அங்கேதான் போகும். மிசாவாவின் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. அந்த ஏப்ரலில் கவாடாவோடு நடந்த மேட்ச்சில் அவருடைய கண்குழி எலும்பு முறிந்திருந்தது. அது நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கவாடாவின் உதை முகத்துக்கு வரும்போதெல்லாம் அரங்கம் ஏன் 'ஹோ' என்கிறது என்று இப்போது தெரியும்.

படி 4: அடி வாங்குபவரை விட்டுவிட்டு மூலையைப் பாருங்கள்

இந்தப் பாடத்தின் உயிர்நாடியே இந்தப் படிதான். டேக் விதி எளிது. அணிக்கு ஒருவர் உள்ளே, மற்றவர் கயிற்றுக்கு வெளியே, ரிங் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குறுகிய திட்டில். உள்ளே இருப்பவர் கையை நீட்டிக் கூட்டாளியின் கையைத் தொட்டால் ஆள் மாறலாம். கூட்டாளியை யாராவது அமுக்கி எண்ண வைத்தால் ஓடிவந்து கலைக்கலாம். நடுவர் அதட்டுவார், அவ்வளவுதான்.

நான் முதல்முறை பார்த்தபோது யார் என்ன அடி போடுகிறார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் முறைதான் ஓரத்துத் திட்டில் நிற்பவரைக் கவனித்தேன். அவர் எப்போது கயிற்றைத் தாண்டத் தயாராகிறார், எவ்வளவு பொறுக்கிறார், தாண்டியவரை எதிர் அணி எப்படித் தடுக்கிறது? டேக் மேட்ச்சில் கேள்வியே 'உதவி வருமா, எப்போது வரும்' என்பதுதான். 42 நிமிடமும் அந்த ஒரு கேள்வியை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஐந்து நிமிடம், உள்ளே நடப்பதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மூலையில் நிற்பவரை மட்டும் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

படி 5: உதவிக்கு வர வேண்டியவரை முதலில் ஒழிப்பது

தாவுவே முன்னாள் சுமோ வீரர். சுமோவில் எதிராளியின் தொண்டையில் கை கொடுத்துத் தள்ளுவதற்கு நோதோவா என்று பெயர். அதையே ரெஸ்லிங்குக்குக் கொண்டுவந்து, தொண்டையைப் பிடித்துத் தூக்கி அறைவார். ரிங்குக்குள் அறைந்தாலே வலிக்கும். இந்த மேட்ச்சின் பிற்பாதியில் அவர் மிசாவாவை அந்தக் குறுகிய திட்டில் நிறுத்தித் தொண்டையைப் பிடிக்கிறார். உதறப் பார்க்கிறார் மிசாவா. பிடி விடவில்லை. தூக்கி, திட்டிலிருந்து வெளியே அரங்கத் தரைக்கு அறைகிறார்.

இங்கே வீடியோவை நிறுத்தி யோசியுங்கள். மிசாவா விழுந்தது பெரிய அடிதான். ஆனால் அடி விழுந்தது யாருக்கு? கோபாஷிக்கு. இனி மூலையில் ஆள் இல்லை. ஒற்றைக் காலோடு இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். வெளியே கிடக்கும் சீனியர் எழுந்து வரும்வரை நேரத்தைக் கடத்துவதுதான் அவருக்கு ஒரே வழி. எதிரே இருப்பவர்களுக்கும் அது தெரியும், அதனால் கால் மேலேயே விழுகிறார்கள். ஒரே ஒரு அடியில் நாலு பேரின் வேலையும் மாறிவிட்டது பாருங்கள், ரிங்குக்குள் கதை சொல்வது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

படி 6: எண்ணிக்கையைக் காதால் கேளுங்கள்

நடுவர் தரையைத் தட்டி எண்ணும்போது அரங்கமும் சேர்ந்து எண்ணும். மூன்றுக்கு ஒரு மயிரிழை முன்னால் தோளைத் தூக்கினால் ஒரு சத்தம் வரும். மேட்ச் வளர வளர அந்தச் சத்தம் எப்படிக் கனக்கிறது என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். வர்ணனை ஜப்பானிய மொழியில் இருக்கும், புரியாது, தேவையும் இல்லை.

படி 7: அந்த ஒரு காட்சி

கடைசிக் கட்டத்தில் மிசாவா நசுங்கிக் கிடக்கிறார். கோபாஷியால் ஒழுங்காக எழுந்து நிற்கவே முடியவில்லை. திருப்பி அடிக்கத் தெம்பில்லை. நொண்டி, தவழ்ந்து வந்து, மிசாவாவின் மேல் குப்புற விழுந்து தன் உடம்பால் அவரை மூடிக்கொள்கிறார்.

இதை என் அத்தை பையனுக்குப் போட்டுக் காட்டியபோது அவன் கேட்டான்: "அண்ணே, இவன் எதுக்கு அவன் மேல போய்ப் படுக்குறான்? அடி இவனுக்கும் சேத்துல்ல விழும்?"

"அதுக்குத்தான்டா படுக்குறான்" என்றேன். அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவில்லை.

கோபாஷிக்கு அப்போது 28 வயது. நால்வரில் இளையவர், தனிநபர் பட்டத்தை இன்னும் தொடாதவர். கவாடா, தாவுவே இருவரும் அவரை அடித்து அகற்றுகிறார்கள். நாம் யாரை வில்லன் என்பது? கவாடாவின் இத்தனை வருடப் பாக்கி நமக்குத் தெரியும், கோபாஷியின் காலும் தெரியும். எனக்கு இன்றுவரை ஒரு பக்கம் சாய முடியவில்லை. நல்லவன் கெட்டவன் என்று பிரித்துத் தராமலே இவ்வளவு பதற வைப்பதுதான் இந்த மேட்ச்சை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது என்பது என் கட்சி.

பிறகு பவர்பாம். எதிராளியின் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவே கொடுத்து, இடுப்பைக் கட்டி மேலே தூக்கி, முதுகு தரையில் அறைய இறக்குவது. கவாடா இறக்குகிறார், இறக்கிய வேகத்திலேயே அமுக்குகிறார். மூன்று. தனிநபர் பட்டத்தையும் அப்போது கையில் வைத்திருந்த மிசாவா, முதல்முறையாகக் கவாடாவின் கீழே. கலைக்க ஓடிவர ஆள் இல்லை. படி 4-ல் மூலையைப் பார்க்கச் சொன்னேனே, இப்போது பாருங்கள். காலி.

படி 8: வீட்டுப்பாடம்

ஒரு வாரம் ஆறப் போட்டுவிட்டு, 1996 டிசம்பர் 6 அன்று அதே புடோகானில் நடந்த டேக் லீக் இறுதியைத் தேடிப் பிடியுங்கள். எதிரே அதே கவாடாவும் தாவுவேயும். ஆனால் மிசாவாவின் பக்கத்தில் கோபாஷி இல்லை, 1992-ல்தான் அறிமுகமான ஜுன் அகியாமா நிற்பார். தொடங்கியதும் அவரை மட்டும் பாருங்கள், உள்ளங்கை தயாராக இருக்கட்டும்.