வெப்ஹூக் இணைக்கும்போது கையைச் சுடும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஒரு பலகாரக் கடை, தீபாவளிக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் தோட்டத்து லயத்தில் இருந்தபடியே போனில் முறுக்கும் அதிரசமும் தேர்ந்தெடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்ட உதவும் எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கிப் பக்கத்துக்குப் போய் 45 வெள்ளி 50 காசு கட்டுகிறார். பணம் கட்டியாயிற்று என்ற செய்தி கடையின் செயலிக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று, அவருடைய பிரவுசரே கடையின் 'நன்றி' பக்கத்துக்குத் திரும்புவது. மற்றொன்று, கட்டணச் சேவையின் சர்வர் கடையின் சர்வருக்கு நேராக அனுப்பும் போஸ்ட் கோரிக்கை. இதுதான் வெப்ஹூக், சில சேவைகள் கால்பேக் என்று சொல்லும்.

'நன்றி' பக்கம் திறந்தவுடன் ஆர்டரைப் 'பணம் கட்டியது' என்று குறித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் முதல் தவறு. வங்கி ஆப்பில் ஒப்புதல் கொடுத்த கையோடு பிரவுசருக்குத் திரும்பாதவர்கள் ஏராளம். தோட்டத்துக்குள் லைன் விட்டுவிட்டு வருவதும் உண்டு. பணம் போயிருக்கும், கடைக்கு ஆர்டர் வந்திருக்காது. மறுபக்கம், 'நன்றி' பக்கத்தின் முகவரியில் உள்ள 'ஃபால்ஸ்' என்பதைக் கையால் 'ட்ரூ' என்று மாற்றினால், கட்டாத ஆர்டரும் கட்டியதாகிவிடும். 'நன்றி' பக்கம் வாடிக்கையாளர் கண்ணுக்கு மட்டும். கணக்கை மாற்ற வேண்டியது வெப்ஹூக்.

அந்த வெப்ஹூக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் போஸ்ட் அனுப்பலாம். முகவரியை நீளமாக, யாருக்கும் தெரியாமல் வைத்தால் போதும் என்பது வீண் நம்பிக்கை. வழியில் உள்ள சர்வர்களின் லாகுகளில் (பதிவேடுகளில்) அது பதிவாகிவிடலாம். அதனால்தான் அனுப்புகிறவர் ரகசியச் சாவியால் ஒரு கையொப்பம் போடுகிறார், பெரும்பாலும் எச்மேக் எஸ்எச்ஏ-256 என்ற முறையில். அதைச் சரிபார்க்கும் இடத்தில்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்: சாவியும் சரி, கணக்கும் சரி, ஆனால் கையொப்பம் பொருந்தாது. அனுப்பியவர் கையொப்பமிட்டது வந்த பைட்டுகளுக்கு. நம் ஃபிரேம்வொர்க்கோ (செயலியைக் கட்டப் பயன்படும் லாராவெல், ஜாங்கோ போன்றவை) அதை ஜேசான் என்ற தரவு வடிவமாகப் பிரித்துவிட்டது. நாம் அதை மறுபடியும் சரமாக்கிக் கணக்கிடுகிறோம். அதற்குள் இடைவெளி மாறியிருக்கும், 45.50 என்பது 45.5 ஆகியிருக்கும். பிஎச்பியின் ஜேசான் என்கோடு, நாம் வேறு சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகளை யூனிகோட் எஸ்கேப்பாக, அதாவது எண் குறியீடுகளாக, மாற்றிவிடும். சோதனையில் ஆங்கிலப் பெயரைக் கொடுத்தவருக்கு எல்லாம் பொருந்தும். வாடிக்கையாளர் பெயர் தமிழில் வரும் முதல் ஆர்டரில் உடையும்.

பிரிப்பதற்கு முன் உள்ள பாடியை, அதாவது கோரிக்கையின் உள்ளடக்கத்தை, வந்தபடியே எடுங்கள். லாராவெலில் கெட் கன்டென்ட், ஜாங்கோவில் ரிக்வெஸ்ட் பாடி. நோடின் எக்ஸ்பிரஸில் பொதுவான ஜேசான் மிடில்வேருக்கு முன்னால், அந்த ஒரு வழிக்கு மட்டும், பாடியைப் பிரிக்காமல் தரும் ரா பார்சர் வைக்க வேண்டும். ஒப்பிடுவதற்குச் சாதாரண சமக்குறி வேண்டாம்; பிஎச்பியில் ஹாஷ் ஈக்குவல்ஸ், பைத்தானில் கம்பேர் டைஜெஸ்ட், நோடில் டைமிங் சேஃப் ஈக்குவல் இருக்கின்றன. நோடில் உள்ளது இரண்டு பஃபர்களின் நீளம் வேறுபட்டால் பிழை எறியும், அதனால் நீளத்தை முதலில் பாருங்கள். சில சேவைகள் ஜேசானே அனுப்பாது. ஃபார்ம் புலங்களை அகரவரிசையில் அடுக்கிச் சேர்த்துக் கையொப்பமிடும். அங்கே அந்தச் சேவையின் ஆவணம் சொல்லும் வரிசையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை தன் கையொப்பத்துக்குள் நேரத்தையும் வைக்கிறது. அதன் லைப்ரரி 5 நிமிட வித்தியாசம் வரைதான் ஏற்கும். பழைய கோரிக்கையைப் பிடித்து மறுபடி அனுப்பும் வேலையை இது தடுக்கிறது. சர்வர் கடிகாரம் பிசகினால் நல்ல கோரிக்கையும் தள்ளப்படும், ஆகவே கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள்.

கோரிக்கை உள்ளேயே வரவில்லையா? லாராவெலில் 419, ஜாங்கோவில் 403 என்ற மறுப்புக் குறியீடு வந்தால் பெரும்பாலும், வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் காவல்தான். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆத்திரத்தில் முழுச் செயலிக்கும் அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரியில் எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ, கடைசிச் சாய்கோடு மூன்றும் அச்சு அசலாக இருக்க வேண்டும். 'வேறு முகவரிக்குப் போ' என்னும் 301 கொடுத்துத் திருப்பிவிட்டால் ஸ்ட்ரைப் அதைத் தோல்வி என்றே எண்ணும். 'நீங்கள் மனிதரா' என்று கேட்கும் பாட் காவலும் வெப்ஹூக்கை வாசலிலேயே நிறுத்திவிடும்.

அடுத்தது நேரம். கிட்ஹப் 10 வினாடி காத்திருக்கும், ஷாப்பிஃபை 5, ஸ்லாக் 3. இதற்குள் ரசீது பிடிஎஃப் செய்து, மின்னஞ்சல் அனுப்பி, வாட்ஸ்அப் செய்தியும் போட முயன்றால் ஒரு நாள் தாமதமாகும். தாமதமானால் அனுப்புகிறவர் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புவார், வாடிக்கையாளருக்கு இரண்டு ரசீது போகும். கையொப்பத்தைப் பாருங்கள், வந்ததை டேட்டாபேஸில் ஒரு டேபிளில் எழுதுங்கள், 'சரி' என்னும் 200 சொல்லிவிடுங்கள். மிச்ச வேலை பிறகு. மாதச் சந்தா ஹோஸ்டிங்கில் வேலைகளை வரிசையில் வைத்துச் செய்யும் கியூ வசதி இல்லையென்றால், நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஓடும் கிரான் போதும். பலகாரக் கடைக்கு, கியூவுக்குப் பயன்படும் ரெடிஸ் எல்லாம் தேவையில்லை. டேபிளில் எழுத முடியாதபோது மட்டும், 'பிழை' என்னும் 500 கொடுங்கள். எழுதாமலே 200 சொன்னால் அந்தச் செய்தி போனது போனதுதான். தெரியாத வகை நிகழ்வு வந்தால் 200 சொல்லிக் கடந்துவிடலாம்.

ஒரே நிகழ்வு இரண்டு முறை வரும் என்று எடுத்துக்கொண்டே எழுதுங்கள். 'இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா' என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் சேர்ப்பது போதாது. இரண்டு பிரதிகளும் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் 'இல்லை' என்றே பதில் பெறும். நிகழ்வு ஐடிக்கு, ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத யுனிக் இன்டெக்ஸ் போட்டு, நேராகச் சேர்க்க முயலுங்கள். இரண்டாவது தானாகத் தடுக்கப்படும், அதற்கும் 200 சொல்லுங்கள். பிறகு கிரான் வேலை செய்யும்போது ஆர்டர் நிலையை மாற்றுவதும், நிகழ்வை 'முடிந்தது' என்று குறிப்பதும் ஒரே டிரான்சாக்ஷனில் (இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது எதுவும் நடக்காது) இருக்கட்டும். இல்லையேல் நடுவில் மின்சாரம் போனால் ஒன்று நடந்து மற்றொன்று நடக்காமல் நிற்கும்.

வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை. 'நிலுவை' என்ற செய்தி 'கட்டியாயிற்று' என்பதற்குப் பின்னால் வந்து சேரலாம். கடைசியாக வந்ததை அப்படியே எழுதினால் கட்டிய ஆர்டர் நிலுவைக்குத் திரும்பும். கட்டியதிலிருந்து பணம் திருப்பிக் கொடுத்ததற்கு மட்டும் போகலாம், நிலுவைக்குப் போகக் கூடாது என்று விதியைப் புரோகிராமில் எழுதிவையுங்கள். சந்தேகமென்றால், செயலிகள் கேட்டுப் பதில் பெறும் வழியான சேவையின் ஏபிஐயிடம் இப்போதைய நிலையைக் கேட்பதே நல்லது.

தொகையையும் ஒப்பிடுங்கள். பல சேவைகள் காசுக் கணக்கில் முழு எண்ணாக அனுப்பும்: 4550 என்றால் 45 வெள்ளி 50 காசு. ஆர்டர் எண் சரி, தொகை வேறு என்றால் பொட்டலம் கட்டாதீர்கள். நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் வரும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். மாற்றாமல் விட்டால் காலை 7:30க்குப் பசியாறும் நேரத்தில் கட்டியவர் முந்தைய நாள் கணக்கில் விழுவார்.

நீங்களே பிறருக்கு வெப்ஹூக் அனுப்பும் வசதி வைக்கிறீர்களென்றால் ஆபத்து வேறு இடத்தில். பயனர் கொடுக்கும் முகவரி 127.0.0.1 ஆகவோ, 192.168 என்று தொடங்கும் உள் முகவரியாகவோ, கிளவுட் சர்வரின் ரகசியங்கள் கிடைக்கும் 169.254.169.254 ஆகவோ இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பெயருக்கு டிஎன்எஸ் கொடுத்த ஐபி எண்ணைப் பார்த்து, அதே ஐபிக்கே இணையுங்கள், ரீடைரக்டைப் பின்தொடராதீர்கள். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனிச் சாவி. டிரான்சாக்ஷன் முடிவதற்கு முன் அனுப்பிவிட்டு அது ரோல்பேக் ஆகி ரத்தானால், நடக்காததை நடந்ததாகச் சொல்லியிருப்பீர்கள். அனுப்ப வேண்டியதை அதே டிரான்சாக்ஷனில் ஒரு டேபிளில் எழுதி, அங்கிருந்து அனுப்புங்கள்.

சோதனைக்குக் கணினியின் லோக்கல்ஹோஸ்ட்டை வெளியுலகம் எட்டாது. வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வழி திறக்கும் என்கிராக் போன்ற டனல் வேண்டும். கடை திறக்கும் நாளில் அந்த டனல் முகவரியையும் சோதனைச் சாவியையும் மாற்ற மறந்துவிடுவது மிகச் சாதாரணம். நேரடிப் பயன்பாட்டுக்கான சாவி வேறு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் சில செய்திகள் வராது. ஸ்ட்ரைப் 3 நாள் வரை மறுபடி முயலும். கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. ஆகவே நிலுவையில் நிற்கும் ஆர்டர்களை 15 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து ஏபிஐயிடம் கேட்கும் ஒரு சின்ன வேலையை எழுதிவையுங்கள். இரவில் அன்றைய மொத்தத்தைச் சேவையின் அறிக்கையோடு ஒப்பிட்டு, பொருந்தாத ஆர்டர் எண்களைக் கடைக்காரரின் போனுக்கு அனுப்பினால் மறுநாள் காலையில் அவரே பார்த்துக்கொள்வார்.