பள்ளி மைதானத்தைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு மைதானம் சீரமைக்கப் பணம் வந்தால், முதல் வேலையாக மண் தரை முழுவதையும் பேவர் பிளாக் கல்லால் மூடிவிடுகிறார்கள். சேறு இருக்காது, பார்க்கவும் துப்புரவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பங்குனி வெயிலில் நண்பகலுக்கு முன்பே அந்தக் கல் கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப் பழகிய பிள்ளைகள் அதில் கால் வைக்க மாட்டார்கள். விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். இதைவிட வருத்தம், வேப்பமரத்தின் தூர்வரை கல்லை நெருக்கிப் பதிப்பது. மழைத்தண்ணீர் வேருக்கு இறங்காமல் மரம் நலியும். பள்ளியின் ஒரே நிழலும் அதோடு போகும். வாசலிலிருந்து வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் போகும் பாதைக்கு மட்டும் கல் போதும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அது உதவும்.

சறுக்குமரத்தை வெட்டவெளியில் மேற்குப் பார்த்து நிறுத்தாதீர்கள். மதியத்துக்குமேல் அந்தத் தகடு தொடையைச் சுட்டுவிடும். மர நிழலில் வையுங்கள், இல்லையென்றால் வடக்குப் பார்த்து. அடியில் சிமெண்ட் தளம் கூடவே கூடாது. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் வேண்டும், அது இறுகாமல் அவ்வப்போது கிளறிவிடவும் வேண்டும். கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையுள்ள சந்தில் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஆடு மாடு கடிக்காது என்று வேலியோரம் அரளி நடுகிறார்கள். அதன் இலை, பூ, காய் எல்லாமே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் இடத்தில் அது எதற்கு?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் மைதானம் இருந்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் நடுவில் கிரிக்கெட் ஆடினால், ஒன்றாம் வகுப்பும் பெண் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். வரைபடம் போடும் முன் ஒரு வாரம் இடைவேளையில் நின்று கவனியுங்கள். யார் எங்கே நொண்டி ஆடுகிறார்கள், எந்தத் திண்ணையில் கூழாங்கல் வைத்துச் சொட்டாங்கல் நடக்கிறது என்று பாருங்கள். திறந்தவெளி வகுப்புக்கும் அந்தத் திண்ணைதான் சரியான இடம். பிள்ளைகள் தாமாகப் போய் உட்காரும் இடத்தில் நிழலும் காற்றும் இருக்கும்.

கன்றுகளை ஜூனில் புகைப்படத்துக்காக நடாதீர்கள். ஐப்பசி மழையோடு நட்டால் வேர் பிடிக்கும். மே மாத விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டு, அதன்பிறகு குழி தோண்டுங்கள்.