விமான இறக்கையின் இழுவையைக் குறைக்கும் ப்ராஜெக்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய பயணிகள் விமானம் இறங்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். மேல்நோக்கி வளைந்த விங்லெட் இருக்காது. பழைய வடிவமைப்பு என்பதால்தான் அது இல்லை, நாம் பொருத்தினால் எரிபொருள் மிச்சமாகும் என்று கடலூர், புதுச்சேரி பொறியியல் மாணவர்கள் பலர் ப்ராஜெக்டைத் தொடங்குகிறார்கள். தொடக்கமே தவறு.

இழுவை என்பது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் எதிர்ப்பு. விங்லெட் குறைப்பது அதில் ஒரு பகுதியான தூண்டப்பட்ட இழுவையை, அதாவது இறக்கை தூக்குவிசையை உண்டாக்கும்போது கூடவே வரும் இழுவையை மட்டும்தான். எடையும் வேகமும் மாறாதபோது அந்த இழுவை இறக்கை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே நீளமான இறக்கைதான் முதல் மருந்து. ஏ.டி.ஆரின் இறக்கை நுனிக்கு நுனி 27 மீட்டர் நீளம், நீள அகல விகிதம் 12. ஏற்கெனவே ஒல்லியானது. ஏர்பஸ் ஏ320 அப்படி நீள முடியாது. அது நிற்கும் இடங்களுக்கு 36 மீட்டர் வரம்பு உண்டு. 35.8 மீட்டரோடு நிறுத்திக்கொண்டு நுனியை மேலே வளைத்தார்கள். போயிங் 777எக்ஸ் தரையில் நுனியை மடித்து 71.8 மீட்டரை 64.8 ஆக்கிக்கொள்வதும் இத்தகைய வரம்புக்காகத்தான். விங்லெட்டைச் சேர்த்தால் இறக்கையின் அடிப்பகுதி கூடுதல் வளைவு விசையைத் தாங்க வேண்டும், அதற்கு எடை கூடும். அந்த எடையைக் கணக்கில் எடுக்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

சதவீதத்திலும் கவனம் தேவை. பெரிய ஜெட் விமானம் சீரான உயரத்தில் பறக்கும்போது தூண்டப்பட்ட இழுவை மொத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதம். அதில் 10 சதவீதத்தைக் குறைத்தால் மொத்த இழுவையில் குறைவது 4 சதவீதமே.

மிகப் பெரிய தவறு மாதிரி மீது காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கல்லூரி விண்ட் டனலில் நடக்கிறது. 15 சென்டிமீட்டர் அகல மாதிரியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்றை விட்டால், வேகம், அளவு, காற்றின் பாகுத்தன்மை ஆகியவற்றிலிருந்து கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 2 லட்சம். பறக்கும் ஏ.டி.ஆர். இறக்கைக்கு அது ஒரு கோடியைத் தாண்டும். 2 லட்சத்தில் காற்றோட்டம் சீராகவே இருந்து, மேற்பரப்பை விட்டு எளிதில் பிரிந்துவிடும். அங்கே ஒரு சொரசொரப்பான பட்டையை ஒட்டினால்கூட இழுவை குறையக்கூடும். அதே பட்டை உண்மையான இறக்கையில் இழுவையைக் கூட்டும். முடிவோடு ரெனால்ட்ஸ் எண்ணையும் எழுதுங்கள்; மாதிரியில் கிடைத்த சதவீதத்தை விமானத்துக்கு அப்படியே ஏற்றாதீர்கள்.

வழவழப்பாக்கினால் போதும் என்பதும் பாதி உண்மைதான். காற்று கலையாமல் சீராக ஓடும்படி வடிவமைத்த சீரோட்ட இறக்கையின் முன்விளிம்பில் பூச்சி ஒட்டினாலே ஓட்டம் கலைந்துவிடும். ஐப்பசி மழை விட்ட மாலையில் நம் பக்கம் ஈசல் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொந்தளிப்பான ஓட்டத்திலோ மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வரிகள் உராய்வைக் குறைக்கின்றன. ஜெர்மனியின் லுஃப்தான்சா டெக்னிக்கும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனமும் உருவாக்கிய ஏரோஷார்க் படலத்தின் வரிகள் சுமார் 50 மைக்ரோமீட்டர் அளவு. போயிங் 777 உடலில் ஒட்டியதில் எரிபொருள் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சமாகிறது. இது அற்பமல்ல: ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆனால் அந்த வரிகள் காற்றோட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஒட்டினால் இழுவை கூடும்.